இந்த பேட்டன்ட்டுக்கு எவ்வளவு கடன் தருவீங்க, சாஹேப்?

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். 2015 பிப்ரவரி, ராஜ்கோட். வங்கிக்காரனுக்கு மார்ச் ஜுரம் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். நான் கடன் பிரிவில் இருந்தேன். மேஜைக்கு எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்த கை. அந்தக் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஃபோட்டோ ஃபிரேம். மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்க வந்திருப்பார், மாப்பிள்ளை படத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார் போல என்றுதான் நினைத்தேன்.

பிரித்தார். உள்ளே இந்திய அரசின் காப்புரிமைச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு.

"இந்த பேட்டன்ட்டுக்கு எவ்வளவு கடன் தருவீங்க, சாஹேப்?"

நம்மூரில் பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார்களே, அதே தொனி. கிராமுக்கு எவ்வளவு?

காகா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவருக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ராஜ்கோட்டில் இது பெரிய விஷயமில்லை. டீசல் எஞ்சின், வார்ப்படம், லேத் மெஷின் என்று தெருவுக்குத் தெரு இரும்புதான். ஊரைச் சுற்றிக் கடலைக்காடு. மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிப் போடும் ஒரு கருவியை அவர் செய்திருந்தார். அந்த மாதிரிக் கருவி ஏற்கெனவே உண்டு. மண் ஈரமாக இருந்தால் ஒரு மாதிரியும் காய்ந்திருந்தால் வேறு மாதிரியும் உதற வேண்டும், இல்லாவிட்டால் காய் செடியிலிருந்து அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். காகா அந்த உதறும் வேகத்தை மாற்ற ஒரு சின்ன நெம்பு வைத்திருந்தார். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அந்த நெம்புக்காக 2008-ல் விண்ணப்பித்து 2014-ல் காப்புரிமை வாங்கியிருந்தார்.

கேட்டது நாலு லட்சம். பத்துக் கருவி செய்து அடுத்த சீசனுக்கு விற்க வேண்டும்.

நான் என்ன கேட்டேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன் இருக்கிறதா? டர்ன்ஓவர் எவ்வளவு? பட்டறை சொந்த இடமா? ஜாமீன் யார்? பட்டறை வாடகை இடம், வீடு அண்ணன் தம்பிகளோடு கூட்டுச் சொத்து. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுச் சான்றிதழை இன்னொரு முறை என் பக்கம் தள்ளினார், நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்ற சந்தேகத்தில்.

இங்கே பி.காம். படித்தவனின் பாஷையில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடன் கேட்பவரின் பேலன்ஸ் ஷீட்டைக் கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் போடும் கணக்குகளில் ஒன்று 'டான்ஜிபிள் நெட்வொர்த்'. தொட்டுப் பார்க்கக்கூடிய சொந்த மூலதனம் எவ்வளவு என்ற கணக்கு. தொட்டுப் பார்க்க முடியாத சமாச்சாரங்களை எல்லாம் அதிலிருந்து கழித்துவிடுவோம். குட்வில் கழி, டிரேட்மார்க் கழி, பேட்டன்ட் கழி. ஒருவர் பத்து வருடம் யோசித்து, கையில் இருந்ததைச் செலவழித்து, அந்தச் செலவைச் சொத்தாக ஏட்டில் எழுதி வைத்திருந்தால் நாங்கள் அதைச் சுழி ஆக்கிவிட்டுத்தான் மேலே பேசுவோம். எங்கள் பாஷையில் காப்புரிமைக்கு ஒரே அடையாளம்தான், கழித்தல் குறி.

காகாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன்" என்றேன். வங்கியில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது கடன் கேட்டு அலைந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்தது. ஃபிரேமைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து ஏன் இந்தக் கதை என்றால், இந்தியாவில் காப்புரிமைகள் பெருகுகின்றன என்று அடிக்கடி ஒரு பெருமிதச் செய்தி வருகிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். நல்லதுதான், நானும் கை தட்டினேன். ஆனால் கொடுத்த எண்ணிக்கை மட்டும் செய்தியாகிறது. அதில் கம்பெனி, கல்லூரி எல்லாம் போகத் தனி மனிதர்கள் வாங்கியவை எத்தனை, அவற்றில் பதினோராவது வருடம் உயிரோடு இருப்பவை எத்தனை என்று யாரும் தலைப்புச் செய்தி போட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை அக்கவுன்ட் திறந்தோம் என்பதை மட்டும் மேலே ரிப்போர்ட் பண்ணிவிட்டு, அதில் பணம் இருக்கிறதா என்று பார்க்காத வங்கி மேனேஜர்களை எனக்குத் தெரியும். (நானும் அதில் ஒருவனாக இருந்திருக்கிறேன் :-)

தனி ஆள் கண்டுபிடிப்பு என்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. இந்தியக் காப்புரிமைக் கணக்கு ஆரம்பிப்பதே ஒரு தனி மனிதரில்தான். 1856 மார்ச் 3-ம் தேதி கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர் விண்ணப்பித்தார். எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரைமார்களுக்குக் கூரையில் தொங்கும் துணி விசிறியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அந்த வேலைக்கு ஒரு மெஷின். கடலை உதறும் நெம்பும் அதே ஜாதிதான். யாரோ ஒருவர் தினம் பார்த்து அலுத்த ஒரு வேலை, அதற்கு ஒரு குறுக்கு வழி.

சரி, காப்புரிமை கையில் வந்தால் என்ன கிடைக்கிறது? நிறையப் பேர் அதை ஒரு பரிசு என்றோ, அரசாங்கம் கொடுத்த தொழில் லைசென்ஸ் என்றோ நினைக்கிறார்கள். காகாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அது இரண்டும் இல்லை. இருபது வருடத்துக்கு, என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது என்று தடுக்கும் உரிமை, அவ்வளவுதான். இருபது வருடமும் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். காகாவுக்குச் சான்றிதழ் கைக்கு வரும்போதே ஆறு வருடம் போய்விட்டது. தடுக்கிற வேலையை அரசாங்கம் செய்யாது. போலீசில் புகார் கொடுக்க முடியாது, உரிமைக்காரர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆரம்பமே மாவட்ட நீதிமன்றம். எதிராளி பதிலுக்கு, "இவர் காப்புரிமையே செல்லாது, ரத்து செய்யுங்கள்" என்று எதிர்வழக்கு போட்டால் மொத்தக் கேஸும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். ராஜ்கோட் பட்டறைக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அகமதாபாத்துக்கு பஸ் ஏற வேண்டும். எதிராளி முதலில் செய்யப்போவது அந்த எதிர்வழக்குதான், அதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

கேஸ் நடத்தப் பணம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் கேர்ன்ஸ் என்று ஒரு பொறியியல் பேராசிரியர் இருந்தார். தூறலில் விட்டுவிட்டு ஓடும் கார் வைப்பர் அவருடையது. 1960-களில் கண்டுபிடித்து, ஃபோர்டு கம்பெனியில் காட்டி, காப்புரிமையும் வாங்கினார். பிறகு பார்த்தால் அவருக்கு ஒரு பைசா வராமல் கார்களில் அந்த வைப்பர் ஓடுகிறது. 1978-ல் ஃபோர்டு மேல் கேஸ் போட்டார். 1990-ல் சுமார் ஒரு கோடி டாலர் வந்தது. கிரைஸ்லர் மேல் போட்ட கேஸில் வட்டியோடு சேர்த்து மூன்று கோடி டாலர் அளவில் வர 1995 ஆனது. ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், 2008-ல் சினிமாகூட எடுத்தார்கள். நடுவில் மனநிலை பாதித்து மருத்துவமனையில் இருந்தார், மனைவி விவாகரத்து வாங்கிப் போனார், கடைசியில் தன் கேஸைத் தானே வாதாடினார். அந்த வருடங்களில் அவர் இன்னும் எதைக் கண்டுபிடித்திருப்பாரோ.

நம்ம பக்கத்திலும் ஒரு கதை உண்டு. மதுரைக்காரர் ஒருவர். ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டு போடும் ஏற்பாட்டுக்கு 2002-ல் விண்ணப்பித்து 2008-ல் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் இரட்டை சிம் போன் வெள்ளம் மாதிரி இறங்கிய நேரம் அது. காப்புரிமையை மீறும் இறக்குமதியைத் தடுக்கச் சொல்லி சுங்கத்துறையிடம் பதிவு செய்ய 2007-ல் ஒரு விதி வந்திருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். 2009-ல் பெரிய பெரிய கம்பெனிகளின் போன்கள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நின்றன. தனி மனிதர் ஒருவர் நாட்டின் செல்போன் வியாபாரத்தையே நிறுத்தி வைத்த காட்சி. பேப்பரில் படித்துவிட்டு, எங்க ஊர்க்காரன்யா என்று ஆபீசில் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன். (மதுரையில் சௌராஷ்டிரர்கள் நடுவில் வளர்ந்து, சௌராஷ்டிரத்தில் வேலை பார்க்க வந்தவன் நான், அது தனிக் கதை.) கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஒன்று மாற்றி ஒன்றாக ரத்து மனு. 2012-ல் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. அந்த வாரியத்தையே 2021-ல் கலைத்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்ற ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. துறைமுகத்தில் நிற்கும் ஒரு கன்டெய்னருக்காகப் பத்து வக்கீல் வைக்க முடிந்த கட்சியும், ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்க யோசிக்கும் கட்சியும் மோதினால் தீர்ப்புக்கு முன்னாலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பதுதான் எனக்குப் படுவது.

அப்படியானால் தனி ஆள் ஜெயிப்பதே இல்லையா? எங்கள் கிளையின் மூலையில் நாள் முழுக்க ஓடும் ஜெராக்ஸ் மெஷின் அதற்குப் பதில் சொல்லும். செஸ்டர் கார்ல்சன். நியூயார்க்கில் ஒரு எலெக்ட்ரிகல் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் குமாஸ்தா மாதிரி வேலை. பத்திரங்களுக்கு நகல் எடுத்து எடுத்துக் கை ஓய்ந்து, வேறு வழி இல்லையா என்று சமையலறையில் ஆராய்ச்சி ஆரம்பித்தவர். 1938 அக்டோபர் 22-ல் அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில் முதல் நகல் விழுந்தது. 1942-ல் காப்புரிமை. இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஏறி இறங்கினார். ஐ.பி.எம். வேண்டாம் என்றது, ஜெனரல் எலெக்ட்ரிக் வேண்டாம் என்றது. 1944-ல் பேட்டல் என்ற லாப நோக்கில்லாத ஆராய்ச்சி நிறுவனம் உள்ளே வந்தது. பிறகு ஹாலாய்ட் என்ற சின்ன ஃபோட்டோ காகிதக் கம்பெனி. அந்த ஹாலாய்ட்தான் பின்னால் ஜெராக்ஸ் ஆனது. மடமடவென்று ஓடக்கூடிய ஆபீஸ் மெஷின், ஜெராக்ஸ் 914, வெளிவந்தது 1959-ல்.

இப்போது ஒரு கணக்கு. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை கொடுத்த நாளிலிருந்து பதினேழு வருடம். 1942-உடன் பதினேழைக் கூட்டுங்கள். 1959. மெஷின் சந்தைக்கு வருகிற அதே வருடத்தில் அடிப்படைக் காப்புரிமை காலாவதி! கார்ல்சன் கோடீஸ்வரர் ஆனார், உண்மை. ஆனால் அந்த முதல் சான்றிதழை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகியிருக்க மாட்டார். பேட்டலும் ஹாலாய்டும் பதினைந்து வருடம் லாபம் பார்க்காமல் பணம் போட்டன, வழியில் புதுப்புதுக் காப்புரிமைகள் எடுத்தன. தனி ஆளின் யோசனையைத் தூக்கி நிறுத்தியது பொறுமையான பணம். வங்கிக்காரன் வாயிலிருந்து இது வருவது வேடிக்கைதான். எங்களிடம் இருப்பதிலேயே பொறுமையில்லாத பொருள் பணம்தான். தொண்ணூறு நாள் தவணை நின்றால் வாராக்கடன்.

அதனால் நான் சொல்ல வருவது, வங்கிகள் காப்புரிமையைத் தங்கம் மாதிரி அடமானம் பிடித்துக் கடன் கொடுக்க வேண்டும் என்பதல்ல. கருத்தரங்குகளில் அப்படித்தான் பேசுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குக் கடன் வராமல் போனால் அந்தக் கடலை நெம்பின் காப்புரிமையை நான் எந்த மார்க்கெட்டில் ஏலம் விடுவேன்? வாங்குபவர் யார்? போட்டிருப்பது டெபாசிட்காரர் பணம்.

ஆனால் 'தொட்டுப் பார்க்க முடியாத சொத்தா, ஐயையோ' என்று நாங்கள் கையை உதறுவதும் முழு உண்மையில்லை. சர்ஃபேசி சட்டம் என்று ஒன்று 2002-ல் வந்தது. கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே கையகப்படுத்த வழி செய்த சட்டம். அதில் சொத்து என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பேட்டன்ட், டிரேட்மார்க், காப்பிரைட் எல்லாம் இருக்கிறது. பிடுங்கும்போது சொத்து, கொடுக்கும்போது கழித்தல் குறி. இன்னொன்று, கிங்ஃபிஷர் விமான கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் அடமானமாக ஏற்றுக்கொண்டு கோடிக்கணக்கில் கொடுத்த வங்கிகள் இந்த நாட்டில்தான் இருந்தன. 2016 ஏப்ரலில் அந்தப் பெயர்களை ஏலத்துக்கு விட்டார்கள். குறைந்தபட்ச விலை 366.70 கோடி. கேட்க ஒரு ஆள் வரவில்லை. ஆக, தொட முடியாத சொத்தை நாங்கள் தொடாமல் இல்லை. யார் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பார்த்துத் தொடுகிறோம்.

காகா விஷயத்தில் நான் செய்திருக்க வேண்டியது வேறு. சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, கருவியைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். அவர் ஏற்கெனவே மூன்று கருவி விற்றிருந்தார். வாங்கிய விவசாயிகள் கோண்டல் பக்கம், முக்கால் மணி நேரத் தூரம். "இன்னொன்று வாங்குவீர்களா?" என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எந்த பேலன்ஸ் ஷீட்டும் சொல்லாததைச் சொல்லியிருப்பார்கள். பிணைக்கும் வழி இருந்தது. சிறுதொழில் கடனுக்கு மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து 2000-லேயே கடன் உத்தரவாத நிதியம் ஒன்று ஆரம்பித்தன. 10 லட்சம் வரை சிறுதொழில்காரரிடம் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-ல் சுற்றறிக்கையே அனுப்பியது. அவர் கேட்டது நாலு லட்சம். சுற்றறிக்கை எங்கள் கிளை ஃபைலில் இருந்தது. அதை நான் படித்தும் இருந்தேன். மார்ச் மாதத்தில் நாலு லட்ச ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு காகித வேலையா, அதே நேரத்தில் நாற்பது லட்சம் வீட்டுக்கடன் ஒன்று முடித்துவிடலாமே என்பதுதான் என் மனசுக்குள் ஓடிய கணக்கு. இதை எந்த ஃபைலிலும் எழுதவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

பிணை இல்லாமல் கொடுத்துப் பார்த்தவர்களும் இதே குஜராத்தில் இருந்தார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் அனில் குப்தா கிராமம் கிராமமாக நடந்து இப்படிப்பட்ட ஆட்களைத் தேடியவர். அவருடைய முயற்சியில் 2000-ல் தொடங்கியது தேசிய கண்டுபிடிப்பு நிறுவனம், என்.ஐ.எஃப். காசில்லாதவர்களுக்காகத் தானே காப்புரிமைக்கு விண்ணப்பித்துக் கொடுக்கும். 2003-ல் சிட்பி உதவியோடு ஒரு குட்டி முதலீட்டு நிதியும் ஆரம்பித்தது. சொத்து அடமானம் கிடையாது. காகாவுக்கு அவர்களைப் பற்றித் தெரியாது. எனக்கு லேசாகத் தெரியும், ஆனால் சொல்லத் தோன்றவில்லை.

ராஜ்கோட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் வாங்கானேர். அங்கே மன்சுக்பாய் பிரஜாபதி மண்ணால் ஃப்ரிட்ஜ் செய்தவர், மிட்டிகூல். 2001 பூகம்பத்துக்குப் பிறகு, உடைந்த மண்பானை ஒன்றின் படத்தைப் போட்டு ஏழையின் ஃப்ரிட்ஜ் உடைந்தது என்கிற மாதிரி பேப்பரில் எழுதியிருந்ததைப் பார்த்து, நிஜமாகவே செய்தால் என்ன என்று இறங்கிய குயவர். நம் பக்கத்தில் கோவை முருகானந்தம். நாப்கின் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியும் பெரிய கம்பெனிக்கு விற்காமல், மகளிர் குழுக்களுக்கு மெஷினாகவே விற்றார். 2016-ல் பத்மஸ்ரீ. இவர்கள் இரண்டு பேரும் பிழைத்தது சான்றிதழால் என்று எனக்குத் தோன்றவில்லை. பொருளைத் தாங்களே செய்து, தாங்களே விற்று, வாங்கியவர்களை ஊர் ஊராகச் சேர்த்ததால் பிழைத்தார்கள். நகல் எடுக்கிறவன் வந்து சேர்வதற்குள் இவர்கள் பெயர் நின்றுவிட்டது. பத்திரிகைகளில் இவர்கள் கதையைக் காப்புரிமைக் கதையாக எழுதுவதைப் பார்க்கும்போது, இதைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை காகாக்கள் ஃபிரேம் போடக் கிளம்புவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஏனென்றால் ஃபிரேம் போட்டால் மட்டும் போதாது, அதற்குத் தீனியும் போட வேண்டும். காப்புரிமைக்கு வருடக் கட்டணம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 2014-ல் திருத்திய பட்டியல்படி தனி மனிதருக்கு மூன்றாம் வருடத்திலிருந்து ஆறு வரை வருடத்துக்கு 800 ரூபாய், ஏழிலிருந்து பத்து வரை 2400, பதினொன்றிலிருந்து பதினைந்து வரை 4800, அதன் பிறகு 8000. இருபது வருடத்துக்கும் கூட்டினால் 76,800. பெரிய கம்பெனிகளுக்கு இதைவிடப் பல மடங்கு, ஆகவே அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனியில் தேதி பார்த்துக் கட்ட ஒரு பிரிவே இருக்கும். பட்டறையில் யார் இருக்கிறார்கள்? கெடு தாண்டினால் அபராதத்தோடு கட்ட ஆறு மாதம். அதுவும் போனால் உரிமை செத்துவிடும். பதினெட்டு மாதத்துக்குள் மனுப் போட்டு, காரணம் சொல்லி உயிர்ப்பிக்கலாம், அதற்கும் கட்டணம்.

2019-ல் அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்புரிமை அலுவலக இணையதளத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். காகாவின் எண் ஞாபகமில்லை, பெயர் ஞாபகமிருந்தது. போட்டேன், வந்தது. கட்டணம் செலுத்தாததால் முடிவுற்றது என்றிருந்தது. பத்து வருடம் வரை கட்டியிருக்கிறார். பதினோராவது வருடம் 4800 ஆக ஏறிய இடத்தில் நின்றுவிட்டது. உயிர்ப்பிக்க அவகாசம் இன்னும் ரெண்டு மாதம் இருந்தது.

பழைய விண்ணப்பத்திலிருந்து குறித்து வைத்த நம்பர் போனில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். குரல் வைத்தே அடையாளம் கண்டுகொண்டார் (என் குஜராத்தி அப்படி). விஷயத்தைச் சொல்லி, இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டுமானால் நான் கட்டுகிறேன் என்றேன். சிரித்தார்.

"சாஹேப், என் நெம்பு இப்போ கோண்டலில் நாலு பட்டறையில ஓடுது. நல்லாத்தான் செய்யறாங்க, ஒருத்தன் என்னைவிட நல்லாவே செய்யறான். அவங்க மேல கேஸ் போட என்கிட்ட பணம் இருந்தா அன்னிக்கு உங்ககிட்ட ஏன் வந்திருப்பேன்? கேஸ் போடாதவனுக்கு அந்தக் காகிதம் எதுக்கு?"

நான் பேசவில்லை. அவரே பேச்சை மாற்றி, மதுரையில் மழை உண்டா என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பத்துக் கருவியும் சந்தைக்குப் போயிருந்தால் நாலு பட்டறைக்கு முன்னால் இவர் பெயர் கோண்டலில் நின்றிருக்கும். காப்புரிமை உயிரோடு இருந்ததா செத்ததா என்பது இரண்டாவது விஷயம் ஆகியிருக்கும்.

அப்புறம் அவ்வப்போது பேசிக்கொள்வோம். போன மாதம் அவரே கூப்பிட்டார். கடலைத் தோலும் தூசியும் தனித்தனியாகப் பிரிய, பழைய ஃபேன் மோட்டாரை வைத்து ஏதோ செய்திருக்கிறாராம். ராஜ்கோட்டில் வரப்போகும் விவசாயக் கண்காட்சியில் வைக்கப்போகிறார். "இதுக்கும் பேட்டன்ட் போடணுமா, சாஹேப்?"

இந்தத் தடவை வீட்டுப்பாடம் செய்திருந்தேன். கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால் விண்ணப்பித்துவிட வேண்டும், ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடலாம். முழு விண்ணப்பம் இப்போதே வேண்டாம். தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்று போடலாம், ஆன்லைனில் தனி மனிதருக்கு 1600 ரூபாய், தேதி அன்றைக்கே கணக்கில் நின்றுவிடும். அதற்கப்புறம் பன்னிரண்டு மாத அவகாசம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஐந்து மெஷின் விற்றுப் பாருங்கள். விற்றால் மேற்கொண்டு செலவு செய்யலாம், விற்காவிட்டால் 1600-ஓடு போகட்டும் என்றேன். ஐந்து மெஷினுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். ரெண்டே கால் லட்சம் என்றார். ராஜ்கோட்டில் என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் பெண்ணிடம் பேசியிருக்கிறேன். உத்தரவாத நிதியத்தின் கீழ் போட்டுவிடலாம், ஆனால் முதலில் பட்டறைக்குப் போய் மெஷினை ஓட்டிப் பார் என்று சொன்னேன்.

மார்ச் முடியட்டும் சார் என்றிருக்கிறாள்.